ஊதிப் பிரிக்க முடியாத உமி

எளாவூர் சோதனைச்சாவடிக்கு முன்னால் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது, பைக்கில் வருகிறவர்கள் ஒரே ஒரு வகை லாரியைப் பார்த்ததும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுவார்கள். உமி லாரி. தார்ப்பாய்க்கு மேல் வலை, வலைக்கு மேல் கயிறு, அப்படியும் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு அடுத்த வழித்தடத்தில் பாதியைப் பிடித்திருக்கும். எவ்வளவு கட்டினாலும் ஒரு காற்று அடித்தால் பின்னால் வருபவர் கண்ணில் உமி விழும். கண்ணில் விழுந்த தூசி கண்ணீரோடு வந்துவிடும், உமி அறுக்கும். அது ஏன் அறுக்கிறது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் இருக்கிறது.

அந்த லாரி பார்க்கத்தான் மலை. 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியில் உமியைக் கொட்டி நிரப்பினால் 100, 120 கிலோதான் பிடிக்கும். ஆகவே உமியைத் தூரம் கொண்டுபோவது என்பது பாதிக்குமேல் காற்றுக்கு வாடகை கொடுப்பது. உமியை வைத்துப் பிழைக்க நினைக்கிற தொழில், அரிசி ஆலைக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். எளாவூர் வட்டாரத்துக்கு அந்த வசதி உண்டு. தெற்கே ஒரு மணி நேரத்தில் செங்குன்றத்து அரிசி ஆலைகள். வடக்கே அதே சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் நெல்லூர்ச் சீமை. திருவள்ளூர் மாவட்டத்திலேயே சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம். நடுவில் கும்மிடிப்பூண்டி சிப்காட். நெல்லின் தோலையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துப் பலகை செய்ய வேண்டும் என்று ஒருவர் வரைபடத்தில் இடம் தேடினால், விரல் இந்தப் பக்கம் வந்து நிற்பதில் வியப்பில்லை.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. “நான் உமி கொண்டு வர்றேன், நீ அவல் கொண்டு வா, ரெண்டையும் கலந்து ஊதி ஊதித் தின்னலாம்.” எதையும் முதலீடு செய்யாமல் பங்குக்கு வருகிற கூட்டாளியைக் கிண்டல் செய்யும் பழமொழி. பிளாஸ்டிக்கில் தாவரத் தூளைக் கலக்கும் தொழில் தொடங்கியபோது, நேர்மையாகச் சொன்னால், அது இந்தக் கூட்டாளியின் வேலைதான். பிசின் விலை அதிகம், தூள் விலை குறைவு. தூளைக் கூட்டினால் எடை கூடும், லாபம் கூடும். அப்புறம்தான் தெரிந்தது, இந்த உமிக்காரன் வெறும் கையோடு வரவில்லை என்பது.

முதலில் கணக்கு. 100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 20 கிலோ உமி, 67 அல்லது 68 கிலோ அரிசி, மிச்சம் தவிடும் இதரமும். இந்தியாவின் ஆண்டு அரிசி உற்பத்தி 13 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. அதை நெல்லாக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 20 கோடி டன். அதில் உமி மட்டும் 4 கோடி டன். இதைக் ‘கழிவு’ என்று எழுதுவது கட்டுரையாளர்களின் வழக்கம். ஆலைக்காரரிடம் போய்க் கழிவு என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். நெல்லை அவிக்கிற கொதிகலனுக்கு எரிபொருள் அதுதான். மீந்ததைச் செங்கல் சூளைக்காரர் வாங்குகிறார், கோழிப்பண்ணைக்காரர் தரையில் பரப்ப வாங்குகிறார். உருக்காலைகளில் கொதிக்கும் இரும்புக் குழம்பு ஆறிவிடாமல் மேலே போர்த்துவதற்கு உமிச்சாம்பல் போகிறது. கும்மிடிப்பூண்டியைப் போன்ற உலைகள் நிறைந்த ஊரில் இது சின்ன விஷயமல்ல. கழிவு என்பது விலை கிடைக்காத பொருளுக்கு நாம் வைத்த பெயர். கரும்புச் சக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாடு காகித ஆலை வந்த பிறகு அதை யாரும் கழிவு என்று சொல்வதில்லை. கொட்டாங்குச்சியும் அப்படித்தான்: இழைத்துத் தூளாக்கினால் கொசுவர்த்திச் சுருளுக்கும் ப்ளைவுட் பசைக்கும் போகிறது.

சரி, உமியிடம் என்ன இருக்கிறது? ஒரு உமியைக் கண்ணாடி வில்லைக்குக் கீழே வைத்துப் பாருங்கள். வெளிமுதுகு வரிவரியாக, சோளக்கதிரில் மணிகள் அடுக்கியதுபோல மேடுமேடாக இருக்கும். உட்பக்கம் வழவழ. நெற்பயிர் வேர் வழியாக மண்நீரில் கரைந்த சிலிக்காவை இழுத்து, தண்டு வழியாக மேலே ஏற்றி, நீர் ஆவியாகிப் போன இடத்தில் படிய விடுகிறது. உமியின் வெளித்தோல் அதன் கிடங்கு. உமியை எரித்தால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் 90 விழுக்காடு அளவுக்குச் சிலிக்கா, அதாவது மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அது. கண்ணை அறுப்பது அதுதான். நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் தேய்த்தபோது பளபளப்பு வந்ததும் அதனால்தான். மாடு உமியைத் தின்ன மறுப்பதற்கும், குப்பைக்குழியில் போட்ட உமி மற்றவற்றைப்போல் சீக்கிரம் மக்காததற்கும் இதுவே காரணம்.

மிச்சம் நான்கு பங்கில் செல்லுலோஸ் நார், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். கட்டட மொழியில் சொன்னால் செல்லுலோஸ் கம்பி, லிக்னின் கான்கிரீட், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கட்டுக்கம்பி ஹெமிசெல்லுலோஸ். மேலே சிலிக்காப் பூச்சு. உமியே ஒரு கலவைப் பொருள். நாம் செய்வது கலவைக்குள் இன்னொரு கலவையைப் போடுவது மட்டும்தான். அதுவும் புதிதல்ல, அய்யனார் கோயில் குதிரையைச் செய்கிற வேளார் களிமண்ணோடு உமியையும் மணலையும் பிசைந்துதான் உருவம் பிடிக்கிறார். உமி இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய மண்குதிரை காயும்போதே வெடித்துவிடும்.

பிளாஸ்டிக் பக்கமும் கதை பழையதுதான். 1907-ல் லியோ பேக்லண்ட் பேக்லைட்டைக் கண்டுபிடித்தார். தனியாக வார்த்தால் அது கண்ணாடிபோல நொறுங்கும். மரத்தூளைச் சேர்த்த பிறகுதான் உருப்படியான பொருளாயிற்று. வீட்டில் பழைய குக்கர் கைப்பிடி உடைந்தால் தூக்கிப் போடாமல் உடைந்த முகத்தைப் பாருங்கள். கறுப்புப் பளபளப்புக்கு உள்ளே சொரசொரவென்று ஒரு மண்நிறத் துகள் தெரியும். பெரும்பாலும் அது மரத்தூள். நாம் மூன்று தலைமுறையாக மரத்தைப் பிடித்துத்தான் குக்கரை இறக்குகிறோம், தெரியாமல். கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை ஓடிய டிராபன்ட் காரின் உடம்பே இப்படி: சோவியத் நாட்டிலிருந்து வந்த பஞ்சுக் கழிவு, அதில் பேக்லைட் குடும்பத்துப் பிசின், அழுத்தி எடுத்தால் கார்க் கதவு. இரும்புத் தகடு கிடைக்காத நாடு கண்டுபிடித்த வழி. உமிக்கும் காரில் இடம் கிடைத்தது: 2014-ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு எஃப்-150 வண்டியில் ஒரு மின்கம்பித் தாங்கியை பாலிபுரொப்பிலீனோடு ஆர்கன்ஸா மாநிலத்து நெல்லுமி கலந்து செய்தார்கள்.

பேக்லைட் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான், மறுபடி உருகாது. இன்றைக்குப் பலகை செய்வது உருக்கினால் உருகும் பிளாஸ்டிக்கில். இங்கேதான் தாவரம் ஒரு நிபந்தனை போடுகிறது. ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஹெமிசெல்லுலோஸ் கருகத் தொடங்கும். அடிப்பிடித்த வெல்லப்பாகின் வாடை வரும், பலகை பழுப்பேறும், வலுவும் போகும். ஆகவே 200-க்குக் கீழே இளகுகிற பிளாஸ்டிக்தான் கூட்டாளியாக முடியும். பாலித்தீன் 130 டிகிரியில் உருகும், பாலிபுரொப்பிலீன் 165-ல், பிவிசியை 180 வாக்கில் வேலை வாங்கலாம். தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக்குக்கு 250 வேண்டும்; அதற்குள் உமி கரியாகிவிடும். “குடித்துப் போட்ட பாட்டிலெல்லாம் உமியோடு சேர்ந்து பலகையாகும்” என்று மேடையில் யாராவது பேசினால், அவர் உலைப் பக்கம் போனதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த எதிரி தண்ணீர். சும்மா கிடக்கிற உமியிலேயே எடையில் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும். 180 டிகிரி உலைக்குள் அது நீராவியாக மாறினால் 1600 மடங்குக்கும் மேல் விரியும். இதைப் படித்ததைவிடச் செய்து பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பாலித்தீனும் மெழுகும் ஒரே சாதிச் சங்கிலி. ஒன்று நீளம், மற்றது குட்டை, அவ்வளவுதான். ஆகவே வீட்டில் மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைத் தகர டப்பாவில் போட்டு, தோசைக்கல்லின் மேல் வைத்துச் சிறுதீயில் உருக்கினேன். ஒரு கைப்பிடி உமியைப் போட்டதும் வடாம் பொரிவதுபோல் சத்தம். உமி ஒவ்வொன்றின் ஓரத்திலிருந்தும் குமிழ் சரம்சரமாக ஏறியது. உமி விட்ட தண்ணீர். அதை அப்படியே தீப்பெட்டி அச்சில் ஊற்றினேன். அடுத்த தடவை உமியை வாணலியில் நன்றாக வறுத்துவிட்டுப் போட்டேன்; சத்தமே இல்லை. ஆறிய பிறகு முதல் கட்டியை அறுத்தால் ரவை தோசை மாதிரி ஓட்டை, இரண்டாவது கெட்டி. (பிள்ளைகளை இதில் விடாதீர்கள். சூடான மெழுகு எண்ணெய்க்குச் சமம்.)

எளாவூர் மாதிரி ஊரில் இது நித்தியப் போராட்டம். கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் கடல். ஐப்பசி, கார்த்திகையில் அப்பளம்கூட மொறுமொறுப்பாக நிற்காத காற்று. ஒரு விழுக்காட்டுக்குக் கீழே ஈரத்தை இறக்கிய தூளைச் சாக்கில் போட்டு இரவு முழுக்க வைத்தால் காலையில் அது குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். காயவைத்த கையோடு உலைக்குள் தள்ள வேண்டும்.

என் மெழுகுக் கட்டிகளை உடைத்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. உமி உடையவில்லை, உருவிக்கொண்டு வந்தது. உமி இருந்த இடத்தில் அதன் வரிகளின் அச்சு மெழுகில் அப்படியே துல்லியமாகப் பதிந்திருந்தது, ஆனால் ஒட்டவில்லை. செல்லுலோஸ் தண்ணீரை விரும்பும் பொருள். மெழுகும் பாலித்தீனும் எண்ணெய்ச் சாதி. பக்கத்தில் படுக்கவைக்கலாம், சேராது. ஒட்டாத நாரால் பலகைக்குப் பலமில்லை, கம்பி வழுக்குகிற கான்கிரீட் மாதிரி. எண்ணெய்ப் பாத்திரத்தைத் தண்ணீரால் கழுவ சோப்பு எப்படி நடுவில் வருகிறதோ, அப்படி இங்கேயும் ஒரு தரகர் வேண்டும். மேலிக் அன்ஹைட்ரைடு என்ற சிறிய மூலக்கூற்றை பாலிபுரொப்பிலீன் சங்கிலியில் ஒட்டுக்கட்டிச் செய்த பொருள் அது. அதன் வால் பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொள்ளும், தலை செல்லுலோஸின் ஹைட்ராக்சில் கையைப் பிடித்து வேதிப்பிணைப்புப் போடும். மொத்த எடையில் 2 முதல் 5 விழுக்காடு போதும். இது சேர்ந்த பலகையை உடைத்தால் நார் உருவிக்கொண்டு வராது, நடுவில் அறுந்து நிற்கும். இந்தத் தொழிலில் ‘உமி கலந்தோம்’ என்பவருக்கும் ‘உமியால் செய்தோம்’ என்பவருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த இரண்டு விழுக்காட்டில்தான். பிவிசி கொஞ்சம் இணக்கமான பிளாஸ்டிக். குளோரின் இருப்பதால் தண்ணீர்ச் சாதியோடு ஓரளவு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளும்.

எல்லாம் சரியாக அமைந்தால், உமிக்காரன் தன் பங்கைக் காட்டுகிறான். பாதிக்குப் பாதி தாவரத் தூள் சேர்ந்த பாலிபுரொப்பிலீன், வெறும் பிளாஸ்டிக்கைவிட இரண்டு மூன்று மடங்கு விறைப்பாக நிற்கும். வெயிலில் விரிவதும் குறையும். பாரம் ஏற்றுவதில்லை: கண்ணாடி நாரின் அடர்த்தி தண்ணீரைப்போல் இரண்டரை மடங்கு, தாவர நாருக்கு ஒன்றரைதான். கொடுக்கல் வாங்கலில் பலகை விடுவது இழுபடும் தன்மையை. சுத்தியலால் அடித்தால் வெறும் பிளாஸ்டிக் குழியும், இது கீறும். இதையெல்லாம் அளந்து பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிண்டியில் 1968-ல் தொடங்கிய பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் இருக்கிறது. மர நார், மூங்கில் நார்க் கலவைகளில் ஆராய்ச்சி செய்கிற மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் பெங்களூருவில் இருக்கிறது. விற்பனையிலும் ஆள் உண்டு: சென்னையைச் சேர்ந்த இண்டோவுட், வேளாண் உமியைத் தாதுப்பொடியோடும் பிசினோடும் சேர்த்து ப்ளைவுட்டுக்கு மாற்றாகப் பலகை செய்து விற்கிறது.

ஆலையில் வேலை நடக்கிற விதம் எளிமையாகவே சொல்லலாம். உமியைச் சுத்தியல் அரவையில் ரவைக்கும் மைதாவுக்கும் நடுவிலான பதத்தில் பொடிப்பார்கள். ரப்பர் உருளை ஆலையிலிருந்து வருகிற சுத்தமான உமிதான் வேண்டும். பழைய ஹல்லர் ஆலையின் உமியில் தவிடு கலந்திருக்கும், தவிட்டெண்ணெய் சிக்கு வாடை அடித்து எல்லாவற்றையும் கெடுக்கும். பொடியும் பிசினும் சூடான கலவைப் பானையில் சுழன்று, சூடேற்றிய உருளைக்குள் இருக்கிற இரட்டைத் திருகுக்குப் போகும். முறுக்குப் பிழிகிற அச்சை நீட்டி, மோட்டார் பூட்டி, சூடும் காட்டினால் அது எக்ஸ்ட்ரூடர். முன்வாயில் அகலப் பிளவு; அதிலிருந்து பலகை நாக்கு நீட்டியதுபோல வந்துகொண்டே இருக்கும். பாட்டி பல் தேய்த்த அதே சிலிக்கா இங்கே திருகின் பல்லைத் தேய்க்கிறது. மரத்தூள் ஓட்டுகிறவரைவிட உமி ஓட்டுகிறவர் திருகையும் உருளையையும் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். மலிவாகக் கிடைக்கிற உமியின் ரகசிய விலை அது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் சமையலறை அலமாரியின் ப்ளைவுட் கதவுகள் ஏடு ஏடாகப் பிரிந்து புத்தகம்போல் விரிந்தன. அதற்குப் பிறகு வந்த கார்பென்டர் இந்தக் கலவைப் பலகையைத்தான் போடச் சொன்னார். கரையான் வராது, பசையில் ஃபார்மால்டிஹைடு வாடை இல்லை, தண்ணீரில் ஊறாது. “தண்ணிக்கு அசையாது சார், ஆனா வெயிலுக்கு அசையும்” என்றார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. சொன்னது பாலிமர் இயற்பியல். பிவிசி 80 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். மேற்கு பார்த்த வாசலுக்குக் கறுப்பு வண்ணத்தில் இந்தக் கதவைப் போட்டு, அது வளைந்துபோனதால் ஒரு வீட்டில் காசு திருப்பிக் கொடுத்திருக்கிறாராம். புத்தக அலமாரிக்கும் வேண்டாம் என்றார். பிளாஸ்டிக் மெதுவாக ஒழுகும் பொருள். கனத்த அகராதிகளை இரண்டு வருடம் சுமந்தால் தட்டு நடுவில் தொய்யும். குளியலறைக் கதவு, சிங்க்குக்குக் கீழே உள்ள பெட்டி, கூரையடிப் பலகை இவற்றுக்கு இதைவிட நல்லது இல்லை.

இனி ‘பசுமை’ என்ற சொல்லுக்கு வருவோம். விளம்பரத்தில் பலகைக்குப் பக்கத்தில் ஒரு நெற்கதிர் கட்டாயம் படமாக இருக்கும். அதில் உண்மை உண்டு. உமியை எரித்தால் அன்றைக்கே கரியமில வாயுவாகிப் போகிற கார்பன், பலகைக்குள் இருபது முப்பது வருடம் பூட்டிக் கிடக்கும். ஒரு மரமாவது வெட்டப்படாமல் தப்பும். ஆனால் பழமொழிக் கூட்டாளிகளிடம் இருந்த ஒரு வசதி இங்கே இல்லை. அவலும் உமியும் கலந்தாலும் முறத்தில் வைத்து ஊதினால் உமி பறந்துவிடும், அவல் நிற்கும். மேலிக் அன்ஹைட்ரைடு தரகுபோட்டுச் சேர்த்துவைத்த பலகையை எதைக் கொண்டு ஊதுவது? நல்ல பலகை என்றால் பிரிக்க முடியாத பலகை. பிரிக்க முடிகிற பலகை என்றால் மட்டமான பலகை. மண்ணில் போட்டால் பிளாஸ்டிக் மக்காது. எரித்தால் பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வரும். திரும்ப அரைத்துப் புதுப் பலகையில் சேர்க்கலாம், ஆலைக்குள் வெட்டி மிஞ்சியதை அப்படித்தான் செய்கிறார்கள். வீட்டிலிருந்து பழைய கதவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக இதுவரை எங்கள் தெருவுக்கு யாரும் வந்ததில்லை. பழைய பேப்பர்க்காரரிடம் கேட்டேன். தட்டிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், “இது எந்த லிஸ்ட்லயும் வராது சார்” என்று தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அதனால் நான் கடையில் கேட்கிற கேள்விகள் மாறிவிட்டன. உமி எத்தனை விழுக்காடு என்பதைக் கடைசியில் கேட்கிறேன். பிசின் பாலித்தீனா, பிவிசியா? பிவிசி என்றால் நிலைப்படுத்தியில் ஈயம் இல்லை என்று எழுதிக் கொடுப்பார்களா? பிவிசி குழாய்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்த 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்த விதி குழாய்க்கும் அதன் இணைப்புகளுக்கும்தான். பழைய பலகையை நிறுத்துத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அலமாரி வேலை முடிந்த அன்றைக்குக் கார்பென்டர் கூட்டிப் பெருக்கி, துண்டு துணுக்கெல்லாம் இரண்டு சாக்கில் கட்டினார். ப்ளைவுட் துண்டுச் சாக்கை முனைக்கடை டீ மாஸ்டர் அடுப்புக்கு என்று வந்து வாங்கிப் போனார். கலவைப் பலகைச் சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டு, “இது வேணாம்ணே, பால் நாறிடும்” என்று வைத்துவிட்டார். அது எங்கள் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. மேலே சிமெண்டுத் தூசி படிந்திருக்கிறது. கரையான் அரிக்கவில்லை.